பதில் சொல்லக்கூடாத பேர்

கடுதாசி தமிழில் வந்திருந்ததுதான் முதல் அதிசயம். மூன்று வருஷமாக ஜெயிலிலிருந்து வந்ததெல்லாம் இங்கிலீஷ் காகிதம், இல்லாவிட்டால் மலையாளம். எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, இன்னும் ஆறு மாசம் நீட்டியிருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்படி ஆறு காகிதம் சேர்ந்து, சிசிலியின் ஜெபப் புத்தகம் மூடமுடியாமல் பிளந்து கிடந்தது.

ஏழாவதை அவளே எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"கைதி செபாஸ்டினை இந்த மாதம் பாலக்காட்டுப் பக்கத்து ஜெயிலுக்கு மாற்றியிருக்கிறது. அவனைப் பரிசோதிக்கும் டாக்டர் நான். தினமும் விடியற்காலையில் அவன் எழுந்து நின்று சில பேர்களை உரக்கக் கூப்பிடுகிறான். அந்தப் பேர்கள் யாருடையவை என்று எனக்குத் தெரியவேண்டும். மனைவியோ உறவினரோ நேரில் வந்தால் உபகாரமாக இருக்கும். வெ. துரைசுவாமி."

கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.  பேர் கூப்பிடுகிறானாம். அந்தப் பைத்தியத்தை அவனுக்குக் கொடுத்ததே அவள்தான்.

தேவிகுளத்துக்கு அந்தப்புறம் இருந்தது அந்தத் தேயிலை எஸ்டேட். செபாஸ்டின் அங்கே சில்லறைக் கங்காணி. நாற்பத்திரண்டு ஆட்களுக்கு அவன் பொறுப்பு. விடியும்போது கொம்பு ஊதினால் எல்லோரும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் வந்து நிற்க வேண்டும். நிற்பது யார் என்று யாருக்குத் தெரியும்? பனி அப்படி. பத்தடி தள்ளி நிற்கிற மாடுகூடக் கண்ணுக்குப் படாது. அவன் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவான். வெள்ளையாகத் தொங்குகிற பனிக்குள்ளிருந்து "இருக்கேன்" என்று ஒரு குரல் வரும். குரல் வந்தால் ஆள் வந்த கணக்கு. கணக்கெழுதுகிற ரைட்டர் அன்றையக் கூலிக்குப் பேர் போடுவார். வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து அத்தைக்காரியோடு மலையேறி வந்த சிசிலிக்கு, முதல் மூன்று வாரம் அவன் முகமே தெரியாது. குரல்தான் தெரியும். மற்ற நாற்பத்தோரு பேரையும் மலை அதிரக் கூப்பிடுகிறவன், அவள் பேர் வரும்போது மட்டும் குரலைக் கொஞ்சம் இறக்குவான், தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போகிறவன் மாதிரி. கத்தரீனாள் என்ற கிழவிதான் முதலில் கண்டுபிடித்தாள். "ஏட்டி, உன் பேரு வந்தா மட்டும் கங்காணிக்குத் தொண்டை கட்டுதே, என்ன வெவரம்?" என்று கொழுந்துக்காட்டில் எல்லோரும் கேட்கக் கேட்டாள். அடுத்த தை மாதம் கோயிலில் ஓலை வாசித்துக் கல்யாணம் ஆனது. எட்டு மாதம் சேர்ந்து வாழ்ந்தார்கள். அவ்வளவுதான்.

அந்தக் கத்தரீனாளால் வந்ததுதான் வினை. அவள் காய்ச்சலோடு மூடிப் போர்த்திக்கொண்டு வந்து நின்ற ஒரு நாள், பதில் சொன்ன குரல் ரைட்டர் காதில் விழவில்லை. அரைநாள்தான் போடுவேன் என்றார். "எனக்குக் கேட்டுது சார்" என்றான் செபாஸ்டின். "உனக்குக் கேட்கும்டா, கிழவி எவ்வளவு குடுத்தா?" என்றார் ரைட்டர். இவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். தள்ளியது என்னவோ ஒரு தள்ளுதான். ஆனால் பின்னால் தரை இல்லை. ஓடைச் சரிவில் உருண்ட ரைட்டருக்குத் தொடை எலும்பு இரண்டானது.

போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோனது. பெரிய கங்காணி கபிரியேல் சிசிலிக்கு மாமா முறை. அன்றைக்குச் சாயங்காலமே அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "கொல்லப் பாத்தான்னு எழுதிட்டான்னா ஏழு வருசம் போயிரும் மக்கா. கோர்ட்டுல போயி, இவருக்குச் சித்தம் சரியில்லன்னு சொல்லு. ரெண்டு வாரம் ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்துட்டு, போடான்னு விட்டுருவான். மேல் டிவிசன்ல ஒருத்தன் அப்படித்தான் வந்தான்."

கோர்ட்டில் நின்று அப்படியே சொன்னாள். மாஜிஸ்டிரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு, "சித்தம் சரியில்லைன்னா, என்ன செய்வான்?" என்று மொழிபெயர்க்க ஆள் வைத்துக் கேட்டார். அதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. பைத்தியம் என்ன செய்யும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வாயில் வந்ததைச் சொன்னாள்: "ராத்திரி தூக்கத்துல எந்திரிச்சு நின்னு பெரட்டு கூப்பிடுதாரு ஐயா. எல்லாம் பேர்பேரா."

கூண்டில் நின்ற செபாஸ்டின் அவளை ஒரு பார்வை பார்த்தான். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பார்வையைத்தான் மூன்று வருஷமாக அவள் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, வருத்தமா என்று பிடிபடவில்லை. நாலு மாதம் கழித்துத் தெற்கே இருந்த ஜெயிலுக்கு ஒருதரம் போனாள். பைத்தியக் கொட்டடிக்காரர்களைப் பார்க்கவேண்டுமானால் கோர்ட்டுக் காகிதம் வேண்டும் என்றார்கள். கொண்டுபோன சட்டையை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். பாயில் இன்றைக்கும் அவள் ஓரமாகத்தான் படுக்கிறாள். மீதிப் பாய் சில்லிட்டுக் கிடக்கும். புதுக் கங்காணி மூக்கால் கூப்பிடுவான். "சீசிலி" என்பான். அவள் "இருக்கேன்" என்பாள், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல.

கடுதாசியை எடுத்துக்கொண்டு கபிரியேலிடம் போனாள்.

"போகாத" என்றார் அவர், படித்து முடிக்கும் முன்பே. "எதுக்குக் கூப்பிடுதான்னு தெரியலயா? பொய்யின்னு மோப்பம் புடிச்சிட்டான். கோர்ட்டுல சத்தியம் பண்ணிப் பொய் சொன்னதுக்கு உன்னையும் தூக்கி உள்ள போடுவான்."

"போட்டா அங்கயாவது அவரு இருக்காருல்லா மாமா."

"கிறுக்கச்சி. பத்து நாளு வேலைக்கு வரலன்னா பேர வெட்டிருவான். லயத்த வேற ஆளுக்குக் குடுத்துருவான். பெறகு என்கிட்ட வந்து அழக்கூடாது."

"சொல்லச் சொன்னது நீங்க. சொன்னது நான். உங்கள வரச் சொல்லலயே" என்றாள் சிசிலி. கபிரியேல் பீடியைத் தேடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் மறையூர் வழியாக இறங்குகிற பஸ்ஸில் ஏறினாள். சின்னாறு தாண்டியதும் குளிர் விட்டது, போர்வை பாரமானது. உடுமலையில் ஒரு வண்டி, பொள்ளாச்சியில் ரயில். பாலக்காட்டில் இறங்கிச் சித்தூர் ரோட்டில் நடந்தபோது, கணவாய்க் காற்று சேலையைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. ஜெயிலைச் சுற்றிப் பனைமரங்கள். செம்பாறைக் கல் மதில். பனியில்லாத காலை வெளிச்சத்தில் எல்லாமே உரித்து வைத்ததுபோல இருந்தது.

வாசல் வார்டர் காகிதத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். பெரியமுத்து என்று பேர். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர்.

"ஏனுங்க அம்மிணி, பெரட்டுக்காரரு ஊட்டுக்காரியா நீங்க?"

"அப்படியா கூப்பிடுதாங்க அவர?"

"பின்னே? வந்த ரெண்டாம் நாளே அந்தப் பேரு வந்துருச்சுங்க. விடியால அஞ்சு மணிக்குச் சங்குங்க அவரு. அந்தக் கொட்டடியில இன்னும் பதினோரு பேரு இருக்கறாங்க. எல்லாம் நம்ம மாதிரி இல்லீங்க, ஒரு மாதிரி ஆளுக. மொதல்ல கத்தி ரகளை பண்ணுனாங்க. அப்பறம் பாத்தா, ஆளுக்கு நாலு பேர எடுத்து வெச்சுக்கிட்டாங்க! இவரு கூப்பிட, அவுங்க ‘இருக்கறேனுங்க, இருக்கறேனுங்க’ன்னு சொல்ல, எட்டி நின்னு பாத்தா பள்ளிக்கூடமாட்ட இருக்குதுங்க." சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "ஒரே ஒரு நாளு மட்டும் அடிச்சுப்போட்டாருங்க. ஒருத்தன் ‘சிசிலி’ங்கற பேருக்கும் இருக்கறேன்னு சொல்லிப்போட்டான். பல்லு ஒண்ணு போச்சு. அந்தப் பேருக்கு மட்டும் இப்ப யாரும் வாயத் தொறக்கறதில்லைங்க. அவரும் ரொம்ப நேரம் நிக்கறாரு, அப்பறந்தான் அடுத்த பேருக்குப் போறாரு. யாருங்க அது சிசிலி?"

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பெரியமுத்து அவளை ஒருதரம் பார்த்துவிட்டு, "வாங்க, டாக்டரு இருக்கறாரு" என்றார் மெதுவாக.

டாக்டர் துரைசுவாமி கல்பாத்திக்காரர். நெற்றியில் விபூதி, மூக்கில் தடிக் கண்ணாடி. தரையில் உட்காரப் போனவளைப் பார்த்து, "நெலத்திலே வேண்டாம். ஸ்டூல்லே உக்காரு" என்றார். மேஜைமேல் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் வரிசையாகப் பேர்கள்.

"நாப்பத்திரண்டு. ஒரு நாளும் கூடறதில்லை, கொறையறதில்லை. வரிசையும் மாறறதில்லை. பழைய ஜெயில்லேர்ந்து வந்த ஃபைல்லே என்ன எழுதியிருக்கான் தெரியுமோ? ‘பிசாசுகளின் பேரைச் சொல்லி அழைக்கிறான்.’ பிசாசுக்கு இத்தனை ஒழுங்கு ஏதுன்னு நேக்கு ஒரே கொழப்பம். நீயே பாரு. இது யாரு?"

அவள் விரல்வைத்துப் படித்தாள். முதல் பேரிலேயே கண் நிறைந்தது. "இது கொம்பு ஊதுதவரு. இது அவரு தம்பி. இது மூணாவது லயம். இது கத்தரீனாள் பாட்டி. இது..." தன் பேரைத் தாண்டினாள். "எல்லாரும் உசிரோட இருக்கவங்கதான் ஐயா. எங்க பெரட்டுக்களம்."

பெரட்டு என்றால் என்ன, பனி என்றால் எப்படி என்று அவள் சொல்லச் சொல்ல, டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அட பகவானே! அப்போ இது மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. ஹாஜர் புஸ்தகமாக்கும்!" என்று சிரித்தார். அவள் சிரிக்காததைக் கண்டு அவரும் நிறுத்தினார்.

மாமா சொன்னது ஞாபகம் வந்தது. வந்தாலும் வரட்டும் என்று, கோர்ட்டில் சொன்ன பொய்யை ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டாள்.

டாக்டர் நோட்டுப் புத்தகத்தை மூடினார். "கேஸ் நடந்திருந்தா ஒரு வருஷம் கெடைச்சிருக்கும். மிஞ்சிப் போனா ஒன்றரை. என்னைக்கோ வெளியிலே போயிருப்பன். தண்டனைன்னா அதுக்கு ஒரு தேதி உண்டு. சித்தம் சரியில்லைன்னு உள்ளே வந்தவாளுக்குத் தேதியே கெடையாது. ‘புத்தி ஸ்திரமாச்சு’ன்னு ஒரு டாக்டர் எழுதணும். அப்புறந்தான் கோர்ட்டு கேஸையே எடுக்கும். தினம் விடியறச்சே கத்தறவனை ஸ்திரம்னு யார் எழுதுவா?"

"அது பொய்தானே ஐயா. நான் சொன்னது பொய்தானே. என்னப் புடிச்சுப் போட்டுட்டு அவர விட்டுருங்க."

"உன்னைப் பிடிக்க நான் போலீஸ் இல்லை. நேக்குக் காது ரெண்டும் வைத்தியத்துக்காக்கும். போய் அவனைப் பாரு. பேசு. நீ சொன்ன நாளிலே அது பொய். இப்பவும் பொய்தானான்னு நீயே வந்து சொல்லு."

கம்பிக்கு அந்தப்பக்கம் நின்றவனை அவளுக்கு அடையாளம் தெரியக் கொஞ்சநேரம் ஆனது. மொட்டைத்தலை. காலர் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவனுக்கு அவளைத் தெரிந்துவிட்டது. "எந்த வண்டிக்கு வந்த?" என்றான், சந்தையிலிருந்து திரும்பியவளைக் கேட்பதுபோல.

"நேத்தே கெளம்பிட்டேன். நல்லா இருக்கியளா?"

அவன் கம்பியோடு முகத்தை ஒட்டிவைத்துக் குரலை இறக்கினான். "தப்பாம செய்யுதேன் புள்ள. ஒரு நாள் விடல. காய்ச்சல்லகூட விடல."

"எத?"

"கோர்ட்டுல சொன்னேல்லா? அன்னைக்கே புரிஞ்சிட்டு. இதத்தான் செய்யச் சொல்லுதா, செஞ்சா விட்டுருவாங்கன்னு. நீ ராத்திரின்னு சொன்ன. ராத்திரி கூப்பிட்டா அடிக்காங்க, அதான் விடியக்காலமா மாத்திக்கிட்டேன். தப்பில்லையே?"

மூன்று வருஷம் தேடிய பார்வைக்கு அர்த்தம் அதுதானா! கோபமில்லை, வருத்தமில்லை. சரி, செய்கிறேன் என்று ஒத்துக்கொண்ட பார்வை. சிசிலி தலையைக் கம்பியில் முட்டிக்கொண்டாள். "பாவி நான். அது பலிக்கலன்னு தெரிஞ்சதும் நிறுத்தியிருக்கலாம்லா?"

"நீ வந்து நிறுத்துன்னு சொல்லுவன்னு இருந்தேன்."

"இப்ப சொல்லுதேன். நிறுத்துங்க. இனிமே வேண்டாம். நிறுத்தினா கேஸ் நடக்கும், வீட்டுக்கு வந்துரலாம்."

அவன் சமர்த்தாகத் தலையாட்டினான். அவள் மூச்சு விட்டாள். பிறகு அவன் நெற்றி மெல்லச் சுருங்கியது. "நிறுத்தினா அவங்களுக்குப் பேர் விழாதே?"

"யாருக்கு?"

"எல்லாருக்குந்தான். நாப்பத்திரண்டு பேரும் பனியில நிக்காங்க. நான் கூப்பிடலன்னா எப்படி மலைக்காட்டு வேலைக்குப் போவாங்க? கத்தரீனாளுக்கு வேற காய்ச்சல். ரைட்டரு அரைநாள் போட்டுருவாரு."

"அங்க புதுக் கங்காணி வந்தாச்சு. அவன் கூப்பிடுதான்."

"அவன் கூப்பிட்டா எனக்குக் கேக்கணுமே" என்றான். "மொத வருசம் நாந்தான் கூப்பிட்டேன் புள்ள. பெறகு அதுவா கூப்பிடுது. பேரெல்லாம் இங்க வந்து நிக்கி." தொண்டைக்குழியைத் தொட்டுக் காட்டினான்.

அவன் கண்ணை அவள் பார்த்தாள். அதில் நடிப்பு இல்லை. தன்னுடைய பொய் எந்த இடத்தில் முடிந்து, அவனுடைய நோய் எந்த இடத்தில் ஆரம்பித்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஒன்று தெரிந்தது. இந்த மனுஷனுக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை. அவனுடைய எஸ்டேட்டில் எது செல்லுமோ அதைத்தான் கொடுக்க வேண்டும். பெரட்டுக்கு வராமலிருக்க அங்கே ஒரே ஒரு வழிதான் உண்டு. அதற்குக் கங்காணியும் ரைட்டரும் ஏன், துரையும்கூடக் கட்டுப்பட்டாக வேண்டும்.

"இங்கயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அறைக்கு ஓடினாள்.

"பொய்யில்ல ஐயா" என்றாள் மூச்சுவாங்க. "இப்ப பொய்யில்ல. ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. டிஸ்பென்சரிச் சீட்டு."

"நான் ஜெயில் டாக்டராக்கும். உன் எஸ்டேட் டாக்டரில்லை."

"அவருக்கு அது தெரியாதுல்லா. உடம்பு சரியில்ல, பெரட்டுக்கு வரவேண்டாம்னு எழுதுங்க. அவரு ஆளு நாப்பத்திரண்டு பேருக்கும் முழுநாள் போடணும்னும் எழுதுங்க. இல்லன்னா ஒத்துக்கிடமாட்டாரு. சீல் கட்டாயம் வேணும் ஐயா."

டாக்டர் அவளையே பார்த்தார். "மூணு வருஷம் ஃபைல் ஃபைலாப் படிச்சாளே, ஒருத்தனுக்கும் இது தோணித்தோ!" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். சீலை ஊதி இரண்டுதரம் குத்தினார். "ஆனா கேட்டுக்கோ. முப்பது நாள் சேர்ந்தாப்லே அவன் வாய் தொறக்கப்படாது. அப்பத்தான் ஸ்திரம்னு எழுதுவேன். இன்னொண்ணு, நீ எங்கேயாவது கேக்கறமாதிரி நின்னுண்டு பதில் கிதில் சொல்லிடாதே. மூணு வருஷமா அந்தப் பதிலுக்காக்கும் அவன் காத்துண்டிருக்கான். ஒரு தரம் கெடைச்சுடுத்துன்னா ஆயுசுக்கும் கூப்பிடுவன்."

செபாஸ்டின் சீட்டை மூன்றுதரம் படித்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "சீல் இருக்கு" என்றான் திருப்தியாக. நாலாய் மடித்து இடுப்பில் செருகினான். பிறகு, "உன் பேரு இந்த நாப்பத்திரண்டுல ஒண்ணா, தனியா?" என்று கேட்டான்.

"அதுலதான் ஒண்ணு."

அவன் அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது.

சிசிலி மலைக்குத் திரும்பவில்லை. பெரியமுத்து தன் மனைவி மருதாத்தாளிடம் சொல்லி, மாட்டுச்சாளையை ஒட்டிய அறையைக் கொடுத்தார். ரோட்டோரக் கடலைக் குடோனில் தோல் உடைக்கிற வேலையும் கிடைத்தது. பத்து நாளில் எஸ்டேட்டில் பேரை வெட்டுவார்கள். வெட்டட்டும்.

முதல் நாள் விடியலில் ஜெயிலின் பின்பக்கத்து மதிலோரம் வந்து நின்றாள். உள்ளே மணி அடித்தது. பனையோலைகள் சடசடவென்று காற்றில் அடித்துக்கொண்டன. கொம்பு ஊதுகிறவன் பேர்தான் முதலில் வரும். வரவில்லை. அவன் தம்பி பேர் வரவில்லை. கத்தரீனாள் வரவில்லை. சிசிலி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சிசிலி."

ஒரே ஒரு பேர். மதிலுக்கு மேலே ஏறி, அவள் காதுக்குள் இறங்கியது. குரல் இறங்கித்தான் வந்தது, அந்த நாளில் போலவே. மூன்று வருஷமாக அவளை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. நாக்கு தானாகவே மேலண்ணத்தைத் தொட்டது. சேலைத் தலைப்பை உருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். உள்ளே அவன் காத்து நின்றான். அவன் காத்து நிற்பது அவளுக்குக் கேட்டது.

"சிசிலி."

நாற்பத்தோரு பேருக்கும் சீட்டு செல்லும். அவளுக்கு மட்டும் செல்லாது என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

"ஒத்தப் பேரு கூப்பிட்டா அது பெரட்டாங்க டாக்டரய்யா?" என்று பெரியமுத்து அவளுக்காக வாதாடினார். "நானுந்தான் எந்திரிச்சதும் ‘மருதாத்தா’ன்னு கத்தறேன், காப்பிக்கு. என்னையும் உள்ள போட்டுருவீங்களா?"

"அவள் பதில் சொல்லறாளோ இல்லையோ?"

"எங்கீங்க! ‘கை ஒழியல’ங்கறா."

டாக்டர் சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "ஒரு பேரும் பேராக்கும். முப்பது நாள் இன்னும் தொடங்கலை."

தினமும் அவள் போனாள். போகாமலிருந்தாலும் பாதகமில்லை, மருதாத்தாளே சொன்னாள். "கேட்டுப்போட்டு அழறதுக்கு எதுக்குங்கண்ணு போறே? பேசாம படுத்துத் தூங்கு." தூங்கலாம். ஆனால் அவன் கூப்பிடுகிற நேரத்தில் அவள் அங்கே இல்லாமலிருப்பது எப்படி? பதில் சொல்லக்கூடாது என்றுதானே சொன்னார்கள், வரக்கூடாது என்று சொல்லவில்லையே. அவன் கூப்பிட வேண்டாம் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டே போவாள். மணி அடித்த பிறகு, இன்னும் கூப்பிடவில்லையே என்று அவள் மனசு கிடந்து தவிக்கும். இரண்டும் ஒரே நெஞ்சில்தான். எட்டாம் நாள் மூன்றுதரம் கூப்பிட்டான். பதிமூன்றாம் நாள் குரல் கம்மியிருந்தது. சளி பிடித்திருக்கிறதா, தலைக்கு எண்ணெய் உண்டா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டே கடலை உடைத்தாள். அன்றைக்கு மதிலில் அவள் நெற்றியை வைத்து நின்ற இடத்தில் செம்மண் ஒட்டி, அது பார்த்தவர்களுக்கெல்லாம் பொட்டு மாதிரித் தெரிந்தது.

பத்தொன்பதாம் நாள் மணி அடித்தது. காற்று அன்றைக்கு விழுந்துவிட்டிருந்தது. ஓலைகூட அசையவில்லை.

அவள் காத்திருந்தாள். வானம் வெளுத்தது. உள்ளே யாரோ இருமினார்கள், வாளி ஒன்று கிணற்றில் மோதியது. அவ்வளவுதான். அவள் பேர் வரவில்லை. தலைப்பை வாயில் கடித்தபடியே, வெயில் பனையின் இடுப்புக்கு இறங்கும்வரை நின்றாள். பதினெட்டு நாள் எதற்காக மன்றாடினாளோ அது கிடைத்துவிட்டது. கிடைத்ததும், யாருமில்லாத காட்டில் தன்னை மட்டும் விட்டுவிட்டு எல்லோரும் போய்விட்டதுபோல இருந்தது. திரும்பிப் போகக் கால் எழவில்லை.

வேலை முடிந்து வெளியே வந்த பெரியமுத்து அவளைத் தேடி வந்தார். "எந்திரிச்சு நின்னாருங்க" என்றார். "சீட்ட எடுத்துப் பாத்தாரு. கொஞ்சநேரம் வாயத் தொறந்தமேனிக்கே நின்னாரு. அப்பறம் சீட்ட மடிச்சு வெச்சுப்போட்டு, போயி மொகத்தக் கழுவிக்கிட்டாரு. டாக்டரு நோட்டுல ‘ஒண்ணு’ன்னு போட்டுட்டாருங்க அம்மிணி."

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

"எங்கிட்ட ஒண்ணுங் கேக்கலைங்க. கஞ்சி ரெண்டாந்தடவ வாங்கிக் குடிச்சாரு."

அவள் குடோனுக்கு ஓடினாள். நேரமாகிவிட்டது. கடலை அம்பாரத்தைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்தாகிவிட்டது. மேஸ்திரி தூணில் சாய்ந்துகொண்டு, காதில் பென்சிலோடு ஆள் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க வந்து, தினமும் கூட உட்கார்ந்து கடலை உடைக்கிற மயிலாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சிசிலி" என்றார் மேஸ்திரி.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். உதடு பிரியவில்லை.

"ஏம்புள்ள, சிசிலி! வந்திருக்கறயா, இல்லையா?"

எல்லோரும் திரும்பினார்கள். பதினெட்டு விடியலாக அந்தப் பேருக்கு வாயை அடைத்துப் பழகியவள், இப்போது திறக்க வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். 

"வாயில என்ன, கடலைய அடக்கி வெச்சிருக்கறயா? காட்டு பாக்கலாம்" என்றார் மேஸ்திரி. பெண்கள் சிரித்தார்கள்.

மயிலாத்தாள் அவள் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் அன்றைக்கும் செம்மண். "இருக்குதுங்க" என்று அவளே சத்தமாகச் சொன்னாள். "இங்கதான் இருக்குது. நீங்க எழுதிக்கிட்டு அடுத்த பேருக்குப் போங்க."

மேஸ்திரி எழுதிக்கொண்டார். சிசிலி ஒரு கைப்பிடிக் கடலையை அள்ளி மடியில் போட்டு, முதல் காயை உடைத்தாள். இன்னும் இருபத்தொன்பது நாள்.